களிம்புக்கு ஏது ஆண்பால், பெண்பால்?

சிறு சிமிழ் ஒன்று. உள்ளங்கையில் அடங்கும் உருவம். உள்ளே களிம்பு, வெளியே அட்டை. களிம்பு, காலைக் காக்க வந்தது. அட்டையோ, காலுக்கும் களிம்புக்கும் இடையே கதவாக நின்றது. அந்தக் கதவின் கதையைத்தான் இன்று கூற வந்தோம்.

"அட்டைக்கு ஒரு கட்டுரையா? நாட்டிலே பேசுவதற்கு வேறு பொருளே இல்லையா?" என்று கேட்பீர்கள், தோழர்களே! நாமும் முதலில் அப்படித்தான் கேட்டோம். நம்மோடு கல்லூரியில் பயின்ற தோழி ஒருத்தி, தம் ஊர்ப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, உரிமம் பெற்று, வெடித்த தோலுக்கான களிம்பு ஒன்றைச் செய்து விற்கிறார். சென்ற கோடை விடுமுறைக்குச் சற்று முன் அவர் நம் வீட்டிற்கு வந்து, மூன்று சிமிழ்களை மேசைமீது வைத்தார்.

"உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். இந்த மூன்று அட்டைகளில் எது நல்லது என்று நாலு பேரைக் கேட்டுச் சொல். வாத்தியார் கேட்டால் மறுக்கமாட்டார்கள்" என்றார்.

முதற் சிமிழ் இளஞ்சிவப்பு. அதன்மேல் மலர்க்கொத்து, மலருக்குமேல் புன்னகை புரியும் மங்கையின் முகம். இரண்டாவது கருப்பு. அதில் சாய்ந்த எழுத்துகள், மின்னல் கீற்று, 'ஆண்களுக்கு' என்ற ஆணை. மூன்றாவது வெள்ளை. 'வெடித்த தோலுக்கு' என்ற இரு சொற்களைத் தவிர அதில் வேறேதும் இல்லை.

"உள்ளே இருப்பது வேறு வேறா?" என்றோம்.

"மூன்றும் ஒரே அண்டாவில் காய்ச்சியது" என்றார் தோழி.

ஒரே அண்டா! ஆயினும் ஒன்று மங்கையர்க்கு, ஒன்று மைந்தர்க்கு. சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. ஏனெனில், அந்த இளஞ்சிவப்புச் சிமிழைக் கண்டதும் நமக்கு நம் தந்தையாரின் கால் நினைவுக்கு வந்துவிட்டது.

நம் தந்தையார் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத் தொழிலாளர். உப்பளத்தை இரயில் வண்டியின் சாளரத்தின் வழியே கண்டவர்கள், வெண்மலை வெண்மலையாக உப்புக் குவிந்திருக்கும் காட்சியைக் கண்டு வியந்திருப்பீர்கள். அந்த வெண்மைக்கு அடியில் நிற்கும் கால்களைக் கண்டிருக்கமாட்டீர்கள். பாத்தியில் உவர்நீர், தலைக்குமேல் வெயில், உப்பின் மீது பட்டு மீண்டும் முகத்தில் அறையும் ஒளி. ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஐப்பசி மழை வரும்வரை, உவர்நீரில் நின்று உப்பை வாரிக் கரைசேர்க்கும் வேலை. நீரில் நின்றும் அந்தக் கால் வறளும்! உப்பு, தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடும். வறண்ட தோல் தடிக்கும். தடித்த தோல் வெடிக்கும். வெடிப்பில் மறுநாளும் உப்பு இறங்கும். அந்த எரிச்சலை எழுத்தில் வடிக்க இயலாது.

நம் தாயாரும் அதே பாத்தியில் நின்றவர்தாம். அவருக்கும் அதே வெடிப்பு. ஆனால் தாயார் இரவில் காலைக் கழுவித் துடைத்துவிட்டு, கடைத்தெருவில் வாங்கிய களிம்பைப் பூசிக்கொள்வார். இளஞ்சிவப்பு டியூப், அதன்மேல் ஒரு பெண் முகம். "நீங்களும் கொஞ்சம் போட்டுக்கிடுங்க" என்று ஒருநாளல்ல, ஓராயிரம் நாள் கெஞ்சியிருப்பார்.

"பொம்பளை பூசுறத நான் பூசணுமாக்கும்?" இதுவே தந்தையாரின் விடை. அவர் உருகிய மெழுகுவர்த்தியின் சொட்டை வெடிப்பில் விட்டுக்கொள்வார். அது வீரம்! களிம்பு பூசுவது வெட்கம்!

பின்னர் நீரிழிவு வந்தது. நீரிழிவு நெடுநாள் நீடித்தால் காலின் நரம்புகள் கெடும், வியர்வை குறையும், தோல் மேலும் வறளும், புண் உண்டானாலும் வலி தெரியாது. பெருவிரலின் அடியிலிருந்த வெடிப்பு புண்ணாயிற்று, புண் புரையோடிற்று, வலக்காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அந்தக் களிம்பைப் பூசியிருந்தால் விரல்கள் பிழைத்திருக்குமா? உறுதி கூற நாம் மருத்துவரல்லோம். நீரிழிவைக் கவனியாதது பெருங்குற்றம். அதில் நம் அனைவர்க்கும் பங்குண்டு. ஆனால் ஒன்றை உறுதியாகக் கூறுவோம்: கைக்கெட்டும் தொலைவில், மாடத்தில், மருந்து இருந்தது. அதைத் தடுத்தது வறுமையன்று, அறியாமையுமன்று. ஓர் அட்டையிலிருந்த படம்!

தந்தையாரைக் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா? கல்லூரி நாட்களில், ஆணும் பெண்ணும் நிகரென மேடையில் முழங்கிவிட்டு இறங்கிய ஒரு மாலை, வெடித்த உதட்டுக்குக் களிம்பு வாங்கக் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் "யாருக்கு?" என்றார். "அக்காவுக்கு" என்றோம். நமக்கு அக்காளே இல்லை! மேடையில் நிமிர்ந்த தலை, கடை வாசலில் ஒரு சிறு டியூபின் முன் கவிழ்ந்தது.

ஆகவே தோழி தந்த வேலையை ஏற்றோம்.

முதலில் நம் வகுப்பு. பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர். சிமிழ்களை மேசைமேல் வரிசையாக வைத்து, "எது வேண்டும்? கை தூக்குங்கள்" என்றோம். மாணவர் பக்கம் கருப்புக்கே கைகள். மாணவியர் பக்கம், ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு, இளஞ்சிவப்புக்குக் கைகள். கருப்புக்குக் கை தூக்கிய மாணவி ஒருத்தியைப் பார்த்து மாணவர் கூட்டம் 'ஓ' என்றது. தூக்கிய கை தாழ்ந்தது. வெள்ளைச் சிமிழை எடுத்துப் பார்ப்பாரில்லை.

கருத்துத் திரட்டி முடித்துவிட்டோம் என்று எண்ணினோம். அன்றிரவு எண்ணிப் பார்க்கையில்தான் விளங்கிற்று, நாம் திரட்டியது கருத்தை அன்று, அச்சத்தை! நாற்பது கண்கள் நோக்கும்போது ஒருவன் தூக்கும் கை, அவன் கையாகுமா? அக்கம்பக்கத்தார் தூக்கிவிடும் கையன்றோ அது!

மறுநாள் முறையை மாற்றினோம். ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, பெயர் எழுத வேண்டாமென்று கூறி, பழைய சாக்பீஸ் பெட்டியில் போடச் சொன்னோம். 'எது பிடிக்கும்?' என்று கேட்கவில்லை. 'உன் வீட்டில் தோல் வெடிப்பு யாருக்கு? என்ன செய்கிறார்கள்? இம்மூன்றில் எதை அவர்கள் கூசாமல் எடுப்பார்கள்?' என்று கேட்டோம். கேள்வி மாறியது, விடையும் மாறியது. ஒரு தாள் கூறிற்று: 'நான் அம்மாவின் கிரீமை அவர்கள் தூங்கியபின் எடுத்துப் பூசுகிறேன்.' இன்னொன்று: 'எனக்குப் பூ மணம் தலைவலி தரும். கருப்பு டப்பா என்றாலும் வாங்குவேன். ஆனால் அதில் ஆண்களுக்கு என்று போட்டிருக்கிறது.' மற்றொன்று: 'எங்கள் வீட்டில் ஒரு டப்பாதான் வாங்க முடியும். எல்லோரும் பூசுவது போல் வேண்டும்.'

மூன்றாவது தாளைப் படித்ததும் நெஞ்சம் நின்றது. நாம் சமத்துவக் கொள்கையென்று பேசுவதை, அந்தப் பிள்ளை வீட்டுக் கணக்காகக் கூறிவிட்டது! ஒரு வீட்டுக்கு இரு சிமிழ் விற்றால் ஆதாயம் யாருக்கு? வீட்டுக்கா, விற்பவருக்கா?

வகுப்பில் இதை விவாதித்தபோது, இலக்கணத்தில் என்றும் தடுமாறும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, ஆண்பால், பெண்பால், பலர்பால் மூன்றும் உயர்திணைக்குத்தானே? களிம்பு அஃறிணை. அது ஒன்றன்பால். அதற்கு எப்படி ஐயா ஆண்பால் வரும்?" வகுப்பே சிரித்தது. ஆம்! ஐந்து பால்களை வகுத்த தமிழ் இலக்கணம், அஃறிணைக்கு ஒன்றையும் பலவற்றையுமே கொடுத்தது. மூவாயிரம் ரூபாய்க் களிம்பானாலும் அதற்கு மீசை முளைக்காது என்று முன்னோர் அறிந்திருந்தனர்!

அறிவியல் என்ன கூறுகிறது? நேர்மையாகப் பார்ப்போம். ஆண் தோலுக்கும் பெண் தோலுக்கும் வேறுபாடு அறவே இல்லை என்று கூறினால் அது பொய். சராசரியாக ஆணின் தோல் சற்றுத் தடிப்பு. முகத்தில் எண்ணெய்ச் சுரப்பும் மிகுதி. ஆனால் சராசரி என்பது ஆளன்று. எண்ணெய் வடியும் முகமுடைய பெண்ணும் உண்டு. வறண்ட முகமுடைய ஆணும் உண்டு. களிம்பு தேர்வதற்கு வேண்டுவது வறட்சியா எண்ணெயா, வெயிலா பனியா, வயது என்ன, என்பவையே. அதிலும் உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டிலும் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையா. அரசனுக்கும் கிடையா, ஆண்டிக்கும் கிடையா. ஆணுக்கும் கிடையா, பெண்ணுக்கும் கிடையா! குதிகாலுக்குரிய களிம்பில் பால் பிரிப்பது எதற்கு?

அப்படியாயின் நிறம் எங்கிருந்து வந்தது? இளஞ்சிவப்பு பெண்மைக்கு, நீலம் ஆண்மைக்கு என்பது இயற்கையின் சட்டம் என நம்புவோர் பலர். 1918இல் அமெரிக்காவின் குழந்தை ஆடை வணிக இதழொன்று, இளஞ்சிவப்பே ஆண் குழந்தைக்குரியது, அது உறுதியான நிறம். நீலம் மென்மையானது, அது பெண் குழந்தைக்குரியது என்று எழுதிற்று! ஒரு நூற்றாண்டுக்குள் சட்டம் தலைகீழானது. இயற்கையின் சட்டம் இப்படிக் குப்புற விழுமா? வணிகரின் வழக்கம்தான் விழும், எழும்.

நம் நாட்டுக் கதையோ இன்னும் சுவையானது. 1975இல் பெண்களுக்கென்று 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது. 2005இல் ஆண்களுக்கென்று 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' வந்தது. கருமை இழிவென்று முதலில் மகளுக்குக் கற்பித்தார்கள். பின்னர் மகனுக்கும் கற்பித்தார்கள். சமத்துவம் இப்படியும் வருமோ! 2020இல் முதற் களிம்பு, 'ஃபேர்' என்ற சொல்லை உதறி 'குளோ' என்று பெயர் மாற்றிக்கொண்டது. உலகெங்கும் எழுந்த கண்டனத்தால் அட்டை மாறியது. அட்டை மாறக்கூடியது என்பதற்கு அதுவே சான்று. அட்டை மட்டும் மாறினால் போதாது என்பதற்கும் அதுவே சான்று.

மாறாக, பால் பிரிக்காத சிமிழ் புதுமையுமன்று. ஜெர்மனியின் 'நிவியா' களிம்பு 1925 முதல் நீல டப்பாவில் வெள்ளை எழுத்தோடு வருகிறது, குடும்பமே பூசுகிறது. கல்கத்தாவில் 1929இல் தொடங்கிய 'போரோலின்', பச்சை டியூபில், பாட்டி முதல் பேரன் வரை வீட்டுக்கெல்லாம் பொதுவாக இருந்து வருகிறது. ஆகவே, "பொதுவானது விற்காது" என்பது வாதமாகாது.

பிரித்ததனால் பெண்ணுக்கு நேர்ந்த இழப்பையும் கேளுங்கள். 2015இல் நியூயார்க் மாநகர நுகர்வோர் துறை, ஏறத்தாழ 800 பொருள்களை ஆய்ந்தது. ஒத்த பொருளே ஆயினும், பெண்களுக்கானது சராசரியாக 7 விழுக்காடு விலை மிகுதி. உடல் பேணும் பொருள்களில் 13 விழுக்காடு மிகுதி! நியூயார்க் மாநிலம் 2020இல் இத்தகைய விலை வேற்றுமையைச் சட்டத்தால் தடுத்தது. நிறம் பூசியதற்கு வரி! அதைக் கட்டுபவள் பெண்!

இந்தக் கணக்கைக் கூறியதும் மாணவர் தத்தம் வீட்டு டப்பாக்களைக் கொண்டுவந்து, அச்சிட்ட விலையை எடையால் வகுத்துப் பார்க்கத் தொடங்கினர். அப்போது அட்டைகளையும் ஆழ்ந்து படித்தோம். நம் நாட்டுச் சட்டப்படி அட்டையில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், எடை, உச்ச விலை, செய்த திங்கள், எந்நாள் வரை பயன்படுத்தலாம், உட்பொருள்கள், செய்தவர் முகவரி, உரிம எண், தொகுதி எண். இவற்றுள் எங்கேனும் ஆண், பெண் என்று எழுதச் சட்டம் கேட்கிறதா? இல்லை! கேளாததைக் கொட்டை எழுத்தில் போட்டு, கேட்டதைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போடுகிறார்கள்.

அடுத்து உப்பளம் சென்றோம். வெள்ளைச் சிமிழே வெல்லும் என்ற செருக்கோடு சென்றோம். செருக்கு அங்கே உடைந்தது. மூதாட்டி ஒருவர் சிமிழை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னது தம்பி, சுண்ணாம்பா?"

"காலுக்குப் பூசுவது, ஆச்சி. எழுதியிருக்கிறதே."

"எழுதியிருந்தா எனக்கு ஆச்சா? ஒரு காலை வரைஞ்சு போடக்கூடாதா? பொம்பளை மூஞ்சியைப் போடத் தெரியுது, காலைப் போடத் தெரியலையா?"

கல்லூரியில் பயின்ற நாமும் தோழியும் காணாததை அந்த ஆச்சி கண்டுவிட்டார்! வாங்குபவர் யார் என்று காட்டுவதுதான் நமது தவறு. நோவு எங்கே என்று காட்ட வேண்டும். முகத்தைப் போட்டால், ஆண் முகமா பெண் முகமா என்ற வழக்கு எழும். வெடித்த குதிகாலைப் போட்டால் வழக்கே இல்லை. இன்னொருவர் உப்புப் படிந்த விரலால் மூடியைத் திறக்க முயன்று, வழுக்கிற்று என்றார். விளிம்பில் வரி வைக்கச் சொன்னார். வேறொருவர், ஒரு வார அளவுக்குச் சிறு சிமிழ் வேண்டும், கூலி வாரத்துக்குத்தான் வருகிறது என்றார்.

உப்பளத்தில் வேலை செய்யும் திருநங்கை ஒருவர் அருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்கள் சொல்லுங்கள், அக்கா" என்றோம்.

"கடையில 'யாருக்கு'ன்னு கேக்கான். 'எனக்கு'ன்னா சிரிக்கான். காலுக்குன்னு கேட்டா காலுக்குக் குடுக்க வேண்டியதுதானே, தம்பி?"

2014இல் உச்ச நீதிமன்றம் திருநங்கையர், திருநம்பியர் உள்ளிட்டோரின் பாலின உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு மளிகைக் கடையின் அலமாரிவரை இன்னும் வந்து சேரவில்லை. 'யாருக்கு?' என்ற அதே கேள்விக்கு நாம் பொய் கூறித் தப்பினோம். அவர் மெய் கூறி நகைப்பை ஏற்றார். நாணத்தால் நம் தலை குனிந்தது.

இறுதியாகக் கடைக்காரர். எதிர்க்கட்சியையும் கேட்க வேண்டுமன்றோ? "தம்பி, நம்ம கடையில ஆம்பளைச் சாமான் இந்தப் பக்கம், பொம்பளைச் சாமான் அந்தப் பக்கம். உங்க டப்பாவை நான் எங்கே வைக்க?" என்றார் அண்ணாச்சி. கேலியன்று, உண்மையான இடர்ப்பாடு. நெடுநேரம் பேசினோம். "தலைவலித் தைலம் எங்கே வைத்திருக்கிறீர்கள், அண்ணாச்சி?" என்றோம். "கல்லாப்பெட்டிப் பக்கம்" என்றார். "தைலத்துக்கு ஆண், பெண் பார்க்கிறீர்களா?" அண்ணாச்சி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தைலப் புட்டிகளைத் தள்ளி, இரண்டு விரற்கடை இடம் செய்தார்.

திரட்டியவற்றையெல்லாம் எழுதித் தோழியிடம் தந்தோம். ஓர் எச்சரிக்கையும் சேர்த்தோம்: பொதுச் சிமிழ் என்பதும் இன்று நாகரிகமாகிவிட்டது. பெருநகரக் கடைகளில் வெள்ளைப் புட்டியில் நான்கு கருப்பெழுத்துப் போட்டு, எளிமை என்று பெயரிட்டு, எளியோர் அண்ட முடியாத விலை வைக்கிறார்கள். ஆண் என்றும் பெண் என்றும் பிரித்ததை விட்டுவிட்டு, உள்ளோர் என்றும் இல்லோர் என்றும் பிரித்தால் அது என்ன சமத்துவம்?

தோழி ஏற்றார். மஞ்சள் நிறச் சிமிழ். வெடித்த குதிகாலின் கோட்டுப்படம். அதன் அருகே வெடித்த உள்ளங்கை. 'காலுக்கும் கைக்கும்' என்று பெரிய எழுத்து. பின்புறம், இரவில் கழுவித் துடைத்துப் பூசுக, விரலிடுக்கில் பூசற்க, நீரிழிவு உள்ளவர் நாள்தோறும் காலைப் பார்க்க, புண்ணிருந்தால் மருத்துவரிடம் செல்க என்ற வரிகள். விளிம்பில் வரியிட்ட மூடி.

முதல் தொகுதியிலிருந்து ஒன்றை எடுத்துவந்து, தாயாரின் மாடத்தில் வைத்தோம். தந்தையாரிடம் ஒன்றும் கூறவில்லை. மூன்றாம் நாள் இரவு, திண்ணையில் அமர்ந்து, எட்டு விரல்களுடைய அந்தக் கால்களை மடிமேல் தூக்கி வைத்து, அவர் களிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் கை நின்றது. பிறகு, நாம் எதுவும் கேளாமலே கூறினார்:

"கால் படம் போட்டிருக்கு. காலுக்குள்ளதுதான்."

"ஆமாம் அப்பா, காலுக்குள்ளதுதான்" என்றோம்.

இதைப் பெருவெற்றியென்று முரசறையமாட்டோம். போன விரல்கள் போனவையே. "பொம்பளை பூசுறது" என்ற எண்ணம் தந்தையார் நெஞ்சில் இன்னும் இருக்கக்கூடும். நாம் அதைச் சுற்றி ஒரு வழி வெட்டினோம், அவ்வளவே. பெண்ணுக்குரியதென்றால் ஏன் இழிவாக வேண்டும் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அதற்கு அட்டை விடை தராது, நாம்தான் தரவேண்டும்.

இளைஞர்களே! அடுத்த முறை கடைக்காரர் "யாருக்கு?" என்று கேட்டால், இல்லாத அக்காளைத் தேடாதீர். "எனக்கு" என்று கூறுங்கள். வீட்டில் வெடித்த காலோடு நடமாடும் தந்தையோ பாட்டனோ இருந்தால், இன்றிரவே அந்தக் காலைப் பாருங்கள்.